ஏழாம் டேங்கின் தொண்ணூற்றொன்று

நல்ல எண் வந்ததற்காகத் தலையில் கைவைத்து உட்கார்ந்தவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

எங்கள் ஆலையில் மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுக்கிறோம். பெட்ரோலோடு கலக்கிற எத்தனால். சோளத்துக்குள் இருக்கும் மாவு சர்க்கரையாகும், சர்க்கரையை ஈஸ்ட் தின்று எத்தனாலாக்கும். இது பழைய கதை. மணியின் மேல் ஒரு தோல் இருக்கிறதே, பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டு உயிரை வாங்குமே, அது முழுக்க நார். இத்தனை வருஷமாக அது மாட்டுத் தீவனத்தோடு போய்க்கொண்டிருந்தது. இப்போது புதிதாக ஒரு என்சைம் வந்திருக்கிறது. டேங்கில் ஊற்றினால் நாரையும் சர்க்கரையாக உடைத்துக் கொடுத்துவிடும். அதே டேங்க், அதே ஈஸ்ட், கொஞ்சம் கூடுதல் எத்தனால். நாரிலிருந்து வந்த எத்தனாலுக்கு மதிப்பு அதிகம். அதற்கென்று தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். எந்தச் சொட்டு மாவிலிருந்து வந்தது, எந்தச் சொட்டு நாரிலிருந்து வந்தது என்று எத்தனாலைப் பார்த்துச் சொல்லவே முடியாது. அதனால் நாங்கள் நாரை அளக்கிறோம். டேங்க் நிரம்பும்போது எவ்வளவு நார் உள்ளே போனது, அறுபது மணி நேரம் கழித்து எவ்வளவு மிச்சம். காணாமல் போனது எத்தனாலாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டில் பிஸ்கட் டின்னைத் திறந்து பார்த்து எவ்வளவு தின்று தீர்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கிற மாதிரி. அதைச் செய்வது லேப். லேப்புக்குத் தலைவி நான்.

சான்றிதழுக்காக ஒன்பது டேங்குகளில் சோதனை ஓட்டம் நடத்தினோம். நிரம்பும்போது எடுக்கும் சாம்பிளை என் லேப் ஆட்கள் எடுப்பார்கள். கடைசியில் எடுப்பதை டேங்க் மேல்தளத்தில் இருக்கும் ஆபரேட்டர் எடுப்பார். மூன்று ஷிப்ட், மூன்று ஆபரேட்டர். ஆறு டேங்குகளில் நூற்றுக்கு முப்பத்தொன்றிலிருந்து முப்பத்தாறு பங்கு நார் கரைந்திருந்தது. அது நியாயமான எண். மீதி மூன்றில் தொண்ணூற்றொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்றுமூன்று. முதலில் கண்ணில் பட்டது ஏழாம் டேங்கின் தொண்ணூற்றொன்று. என்சைம் இல்லை, அரக்கனே உள்ளே இறங்கித் தின்றால்கூட அவ்வளவு குறையாது.

அந்த மூன்று சாம்பிள்களையும் எடுத்தது ஒரே ஆள். என் அக்கா புருஷன். என் அத்தான்.

மேனேஜரிடம் போனேன். அவருக்கு வாயெல்லாம் பல்.

"தொண்ணூத்தி ஒண்ணா? பிரமாதம்."

"பிரமாதம் இல்ல சார். தப்பு."

"எண் கம்மியா வந்தாலும் தப்புங்கறீங்க, ஜாஸ்தியா வந்தாலும் தப்புங்கறீங்க. உங்களுக்கு என்னதாங்க வேணும்?"

"உண்மையா வந்தா போதும் சார்."

அவர் அதற்குள் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுச் சொல்லியாயிற்று. என்சைம் விற்கிற கம்பெனிக்காரர் மறுநாளே ஒரு கேக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அதன்மேல் கிரீமில் தொண்ணூற்றொன்று என்று எழுதியிருந்தது. என் லேப் ஆட்கள் வெட்கமே இல்லாமல் வெட்டிச் சாப்பிட்டார்கள். எரிச்சலில் நானும் ஒரு துண்டு சாப்பிட்டேன்.

சான்றிதழ் தரும் அலுவலகத்திலிருந்து ஒரு பரிசோதகர் வந்திருந்தார். எதை எழுதினாலும் பென்சிலால்தான் எழுதுவார், அதனால் ஆலை முழுக்க அவருக்குப் பென்சில்காரர் என்றே பெயர். என் மேசைக் குப்பைத்தொட்டியில் பென்சிலைச் சீவிக்கொண்டே எண்களைப் பார்த்தார். ஏழாம் டேங்குக்கு வந்ததும் சீவுவதை நிறுத்தினார்.

"நார் இப்படித் தானாக் குறையாதும்மா. யாரோ குறைச்சிருக்காங்க," என்றார்.

"நானும் அதைத்தான் சொல்றேன்."

"விளக்கம் வேணும். விளக்கம் இல்லேன்னா ஒம்பது டேங்கும் ரத்து. யாராவது சாம்பிள்ல கை வெச்சிருந்தா அந்த ஆளு பேரு வேணும். அந்த ஆள வேலையில வெச்சுக்கிட்டு எங்ககிட்ட சான்றிதழ் கேக்க முடியாது."

மேனேஜர் என்னைப் பார்த்தார். முந்தின நாள் கேக் வெட்டிய முகமே இல்லை.

"மூணும் உங்க அத்தான் ஷிப்டுல எடுத்ததுதான?"

அன்று சாயங்காலத்துக்குள் ஆலை முழுக்கப் பேச்சு. மச்சினிக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுக்க அத்தான் சாம்பிளில் தண்ணீர் ஊற்றிவிட்டார். இல்லை, மச்சினிதான் ஊற்றச் சொன்னாள். கேன்டீனில் நான் டீ வாங்கப் போனால் நாலு பேர் டம்ளருக்குள் பார்க்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினேழு வருஷம் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதாதவள் நான். ஒரு புள்ளி வைப்பதற்கு மூன்று முறை யோசிப்பவள்.

என் அத்தானைப் பற்றி இந்த இடத்தில் சொல்லியாக வேண்டும். அவரோடு ஒரு காரில் போனால் ஆயுசில் பத்து வருஷம் குறைந்துவிடும். போர்டில் முப்பது என்று எழுதியிருந்தால் முப்பது. பின்னால் இருபது வண்டி ஹாரன் அடித்தாலும் முப்பது. மருந்து வாங்கினால் டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் அந்தப் பொடி எழுத்துக் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் மாத்திரையை வாயில் போடுவார், அதற்குள் காய்ச்சல் தானாகப் போயிருக்கும். 'கதவை மெதுவாகச் சாத்தவும்' என்று எங்காவது எழுதியிருந்தால் இரண்டு கையாலும் பிடித்துச் சாத்துவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் சாம்பிளில் கை வைப்பாரா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசித்தேன் என்று சொல்லவே எனக்கு ஆசை. ஆனால் யோசிக்கவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் கோபம்தான்.

படிக்கட்டுக்குக் கீழே அவரைப் பிடித்தேன்.

"அத்தான், சாம்பிள் எப்படி எடுக்கறீங்க?"

"நீ சொன்ன மாதிரிதாம்மா."

"நான் சொன்னது இருக்கட்டும். நீங்க என்ன பண்றீங்க, வரிசையா சொல்லுங்க."

"வால்வத் தொறந்து ரெண்டு வாளி கீழ விடுவேன். குழாய்ல நிக்கற பழசு போயிடணும்ல. அப்பறம் புடிப்பேன். மூடி போட்டு, லேபிள் ஒட்டி, மணி எழுதி, ஐஸ் பெட்டியில வெப்பேன்."

"வேற ஒண்ணும் பண்றதில்லையே?"

"வேற என்ன பண்ணச் சொல்லியிருக்க?"

அவர் நிஜமாகவே கேட்டார். குத்தலாகக் கேட்கிறார் என்று நான் நினைத்தேன்.

அந்த வாரமே அவர் ஷிப்டில் இன்னொரு டேங்க் காலியாக வேண்டியிருந்தது. நானே மேலே போய் நின்று பார்த்திருக்கலாம். அறுபத்திரண்டு படி. அதைவிட, அத்தானும் மச்சினியும் மேலே என்ன பேசிக்கொண்டார்களோ என்று ஒரு பேச்சு கிளம்பும். அதனால் என் உதவியாளரை அனுப்பினேன். அவள் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "எல்லாம் சரியாத்தான் எடுத்தாரு மேடம்," என்றாள். நார் அளந்து முடிக்க மூன்று நாள் ஆகும். காயவைக்க வேண்டும், அரைக்க வேண்டும், அமிலத்தில் வேகவைக்க வேண்டும். மேனேஜர் மூன்று நாள் காத்திருக்கத் தயாராக இல்லை. பென்சில்காரருக்கு மறுநாளே கடிதம் போக வேண்டும்.

எழுதிக் கொடுத்தேன். 'மேற்படி மூன்று மாதிரிகளும் ஒரே நபரால் எடுக்கப்பட்டவை. லேப்பின் முறையில் எந்தத் தவறும் இல்லை.' கீழே அத்தானின் பெயரும் பணி எண்ணும். என் சொந்தக்காரர் என்பதற்காக நான் யாரையும் காப்பாற்றுகிறவள் இல்லை என்று நாலு பேருக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் என் மண்டையில் இருந்தது. கையெழுத்துப் போட்டபோது ஒரு நிமிஷம் என் நேர்மையை நானே மெச்சிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

மறுநாள் அத்தானை டேங்குகளிலிருந்து எடுத்துவிட்டு லாரியில் வரும் சோளத்தை இறக்குகிற குழியில் போட்டார்கள். திங்கட்கிழமை காலை விசாரணை. அதில் அவர் கை வைத்தார் என்று முடிவானால் வேலை போய்விடும், இருபத்திரண்டு வருஷத்து வேலை, அதுவும் ஏமாற்றுக்காரர் என்ற பட்டத்தோடு. அந்தக் குழியில் எந்நேரமும் புழுதி பறக்கும். அவருக்கு இளைப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை.

அன்று ராத்திரி அக்கா போன் செய்தாள். வழக்கமாக முக்கால் மணி நேரம் பேசுகிறவள்.

"எங்க வீட்டு மனுஷனக் கொண்டு போய் புழுதியில நிக்க வெச்சுட்டியேடி," என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை உதவியாளர் பார்த்துக்கொண்டிருக்க எடுத்த சாம்பிளின் முடிவு வந்தது. தொண்ணூறு.

எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. ஒருத்தி பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாள். பாட்டிலைத் தன் கையாலேயே கீழே கொண்டு வந்திருக்கிறாள். யாரும் கை வைக்கவில்லை. அப்படியானால் நார் எங்கே போயிற்று? அமிலத்தை மாற்றிப் பார்த்தேன், தராசைச் சோதித்தேன், அடுப்பின் சூட்டைச் சோதித்தேன், என் ஆட்கள் எல்லோரையும் ஒரு சுற்று திட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. என் கடிதம் மட்டும் போய்ச் சேர்ந்து இரண்டு நாளாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போனேன். சமாதானம் பேசப் போனேனா, சண்டை போடப் போனேனா என்று எனக்கே தெரியாது. கதவைத் திறந்தவள் "வா" என்று சொல்லவில்லை, "ஏன் வந்த" என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து என் முன்னால் டக்கென்று வைத்தாள். உள்ளறையிலிருந்து அத்தான் மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு இழுப்புக்கும் அக்கா என்னைப் பார்த்தாள்.

ஒரு வாய் குடித்தேன். வாய் முழுக்கத் தூள்.

"என்னக்கா, வடிகட்டலையா?"

"வடிகட்டி இருந்தாத்தான வடிகட்ட."

"ஒண்ணு வாங்கிப் போட வேண்டியதுதான."

"வாங்காமலா இருக்கேன்? மாசத்துக்கு ஒண்ணு வாங்கறேன். என் வீட்டுல ஒரு வடிகட்டி முழுசா ஒரு மாசம் தங்கியிருக்கா கேளு. எல்லாம் உங்க ஆலைக்குத்தான் போவுது. நான் தெளிய வெச்சுத்தான் ஊத்திக் குடிக்கறேன். இன்னிக்கு உனக்குன்னுதான் கலக்கி ஊத்தினேன்."

"ஆலைக்கா? எதுக்கு?"

அத்தான் துண்டால் வாயைத் துடைத்தபடி அறை வாசலுக்கு வந்தார். குழியில் மூன்று நாள் நின்றதில் கண்ணிமையெல்லாம் சிவந்திருந்தது.

"சாம்பிளுக்குத்தாம்மா. டேங்கு கூழு புளிப்புல்ல, ஒரு மாசத்துல வலையத் தின்னுடுது. ஸ்டோர்ல கேட்டா பாரம் பூர்த்தி பண்ணு, நாலு கையெழுத்து வாங்குங்கறாங்க. அதான் இங்கேர்ந்து எடுத்துட்டுப் போயிடறது."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"சாம்பிள வடிகட்டியா குடுக்கறீங்க?"

"பின்ன? வடிகட்டாம குடுத்தா நீ சும்மா விடுவியா?"

நாரை அளக்கத்தான் சாம்பிள். அந்த நாரைத்தான் இந்த மனுஷர் டீ வடிகட்டியில் நிறுத்திக் குப்பையில் தட்டிவிட்டு, மிச்சத்தைப் பத்திரமாக மூடி போட்டு, லேபிள் ஒட்டி, மணி எழுதி எனக்கு அனுப்பியிருக்கிறார். டின்னிலிருந்து பிஸ்கட்டை எடுத்து வெளியே கொட்டிவிட்டால் நான் தின்று தீர்ந்துவிட்டது என்றுதானே எண்ணுவேன். பாட்டிலைப் பார்த்தால் தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. வடிகட்டின பிறகும் பொடி மாவும் ஈஸ்ட்டுமாகக் கஞ்சி மாதிரி கெட்டியாகத்தான் இருக்கும். போதாததற்கு அது வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில்.

"வடிகட்டச் சொல்லி உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கத்தினேன்.

"நீதான்."

"நானா? எப்ப?"

"பதினோரு வருஷம் ஆச்சு. மேல சாம்பிள் பீரோ கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கியே."

செருப்பை மாட்டிக்கொண்டு நேராக ஆலைக்குப் போனேன். அங்கே ஞாயிறு, திங்கள் என்றெல்லாம் கிடையாது, டேங்க் எந்த நாளும் பொங்கிக்கொண்டுதான் இருக்கும். அறுபத்திரண்டு படி ஏறினேன். மூச்சு வாங்கியது. ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் போனில் எதையோ பார்த்துக்கொண்டு நின்றவன் என்னைக் கண்டதும் பையில் போட்டுக்கொண்டான். பீரோவைத் திறந்தேன். ஆணியில் ஒரு டீ வடிகட்டி தொங்கியது, கைப்பிடியில் அக்கா தன் பாத்திரங்களுக்கெல்லாம் அடையாளமாகக் கட்டுகிற சிவப்பு நூல். கதவின் உள்பக்கம், பிளாஸ்டிக் உறைக்குள், மஞ்சள் பூத்துப் போன ஒரு காகிதம்.

'நாரும் தும்புமாகச் சாம்பிள் கொண்டுவருகிறவர்கள் லேப் வாசலை மிதிக்க வேண்டாம். கட்டாயம் வடிகட்டிக் கொண்டுவரவும். இது கடைசி எச்சரிக்கை.'

'கட்டாயம்' என்பதன் கீழே மூன்று கோடு. மூன்றாவது கோட்டில் பேனா காகிதத்தைக் கிழித்திருந்தது. கீழே என் கையெழுத்து, தேதி.

எல்லாம் ஞாபகம் வந்தது. அப்போது லேப்பில் இருந்த பழைய கருவிக்குள் தலைமுடி மாதிரி ஒரு குழாய். அதில் டேங்க் திரவத்தை விட்டுச் சர்க்கரையும் எத்தனாலும் அளப்போம். நார் போய் அடைத்துக்கொண்டு, நான் மூன்று நாள் சோறு தண்ணி இல்லாமல் அதைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். அந்தக் கோபத்தில் எழுதி ஒட்டியது. நாலு வருஷம் முன்னால் புதுக் கருவி வந்தது, அதிலேயே வடிகட்டி இருக்கிறது. இந்தக் காகிதத்தை நான் சுத்தமாக மறந்துபோனேன்.

"இத நீ படிச்சிருக்கியா?" என்று ஆபரேட்டரைக் கேட்டேன்.

"எத மேடம்?"

அவனும் இன்னொரு ஷிப்டுக்காரனும் புதுக் கருவி வந்த பிறகு சேர்ந்தவர்கள், எதையுமே படிக்க மாட்டார்கள். அந்த ஒரு குணத்தால்தான் அவர்கள் எண்ணெல்லாம் சரியாக வந்திருக்கிறது. சொன்னதைச் செய்த மனுஷர் குழியில் நிற்கிறார்.

அங்கிருந்தே என் உதவியாளருக்குப் போன் போட்டேன். "புதன்கிழமை அவர் சாம்பிள வடிகட்டினாரா?"

"ஆமா மேடம். நல்லா ரெண்டு தடவ வடிகட்டினாரு."

"அத ஏண்டி எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான மேடம் எழுதி ஒட்டியிருக்கீங்க," என்றாள்.

திங்கட்கிழமை விசாரணைக்கு அரை மணி முன்னால் மேனேஜரிடம் காகிதத்தையும் வடிகட்டியையும் காட்டினேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அறைக் கதவைச் சாத்தினார்.

"சரி, கை வெக்கலங்கறது தெரிஞ்சு போச்சு. நல்லது. இந்தக் காகிதம் மட்டும் வெளிய வர வேண்டாம். ஆபரேட்டர் பழைய பழக்கத்துல தெரியாம வடிகட்டிட்டாருன்னு சொல்லுவோம். ஒரு எச்சரிக்கை குடுத்து, அந்தக் குழியிலயே ஒரு ஆறு மாசம் போட்டா விஷயம் அடங்கிடும். லேப் மேல தப்புன்னு போனா உங்கள இந்தச் சோதனையிலேர்ந்தே எடுத்துடுவாங்க. யோசிச்சுப் பாருங்க. அவருகிட்டயும் காலையில பேசிட்டேன். சரின்னுட்டாரு."

"யாரு சரின்னது?"

"உங்க அத்தான்தான். 'எம்மேலயே போட்டுக்குங்க சார், அது பேரு கெட வேணாம்'னாரு."

எனக்கு அழுகை வருவதற்குப் பதிலாகக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷருக்கு மூளையே கிடையாதா? ஆறு மாசம் அந்தப் புழுதியில் நின்றால் அக்கா என்ன ஆவாள்? யாரைக் கேட்டுச் சரி என்றார்? எழுதி ஒட்டியிருந்தால் கிணற்றில்கூடக் குதித்துவிடுவார் போலிருக்கிறது. அந்தக் கோபத்தோடே விசாரணை அறைக்குள் போனேன்.

நீள மேசை. ஒரு பக்கம் பென்சில்காரர், மேனேஜர். எதிரே அத்தான், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு. சுவரில் 'அமைதி காக்கவும்' என்று போர்டு. அவர் அதைப் படித்திருப்பார், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பென்சில்காரர் என் கடிதத்தை எடுத்துக் கொடுத்து, "இத நீங்களே படிங்கம்மா, பதிவுக்கு வேணும்," என்றார்.

படித்தேன். 'லேப்பின் முறையில் எந்தத் தவறும் இல்லை' என்ற வரியைத் தலை நிமிராமல் படித்தேன். முழுக்கப் படித்து முடித்துவிட்டு, கைப்பையிலிருந்து காகிதத்தையும் வடிகட்டியையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"கடைசி வரி பொய். வேணும்னு சொன்ன பொய் இல்ல. ஆனா பொய்தான்," என்றேன்.

மேனேஜர் கூரையைப் பார்த்தார். பென்சில்காரர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்.

"யாரு கையெழுத்து இது?"

"பழைய நோட்டீசு சார்," என்று அத்தான் குறுக்கே விழுந்தார். "அதையெல்லாம் யாரும் பாக்கறதில்ல சார். நான்தான் புத்தி இல்லாம..."

"நீங்க பாத்தீங்கல்ல? சும்மா இருங்க அத்தான்," என்றேன். அந்த அறையில் அவரை அத்தான் என்று கூப்பிட்டிருக்கக் கூடாது. கூப்பிட்டுவிட்டேன். "என் கையெழுத்துதான் சார். நான் சொன்னதத்தான் அவர் செஞ்சாரு. பதினோரு வருஷமா செஞ்சுட்டிருக்காரு. நான்தான் மறந்துட்டேன்."

"நார் அளக்க ஆரம்பிச்சப்போ புதுசா பயிற்சி குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"வடிகட்டக் கூடாதுன்னு அதுல சொன்னீங்களா?"

"சொல்லல. வடிகட்டுவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல."

அவர் பென்சிலை மேசைமேல் வைத்தார். சட்டைப் பையில் தேடி ஒரு பேனாவை எடுத்தார். அந்த மனுஷர் கையில் பேனாவை நான் அன்றுதான் பார்த்தேன். தன் அறிக்கையில் அத்தானின் பெயரைப் பென்சிலால் எழுதியிருந்த இடத்தை ரப்பரால் அழித்து, ஊதிவிட்டு, அதே இடத்தில் என் பெயரைப் பேனாவால் எழுதினார்.

மூன்று டேங்குகளும் ரத்து. அவற்றை மறுபடி ஓட்ட வேண்டும், ஆறு மாதத்துக்கு நார்ச் சோதனையை வேறு ஆள் பார்த்துக்கொள்வார், நான் லேப்பின் மற்ற வேலைகளைப் பார்க்கலாம். அத்தான் அன்றைக்கே டேங்குக்குத் திரும்பலாம். மேனேஜர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அது ஒரு வகையில் நிம்மதியாகவே இருந்தது.

வெளியே வந்ததும் படிக்கட்டுக்குக் கீழே அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"வடிகட்டறேன்னு அன்னிக்கே எங்கிட்ட ஏன் சொல்லல? வரிசையா சொல்லுங்கன்னுதான கேட்டேன்?"

"நீ சொன்னதச் செய்யறத உங்கிட்டயே என்னன்னும்மா சொல்றது? உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"எழுதி ஒட்டினா காலத்துக்கும் செஞ்சுட்டே இருப்பீங்களா? ஒரு தடவகூடக் கேக்கத் தோணலையா, இது இன்னும் வேணுமான்னு?"

அத்தான் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் மூச்சு விட்டார்.

"அன்னிக்கு அடைச்சுது பாரு, அது என் சாம்பிளு. லேப் வாசல்ல எல்லாரும் நின்னாங்க. பாட்டில எம் மேல எறிஞ்ச. 'எழுதப் படிக்கத் தெரியுமா தெரியாதா உங்களுக்கு'ன்னு கேட்ட. அப்ப எனக்குக் கல்யாணம் ஆகி மூணு மாசம்." அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, தேதி சொல்வதுபோலச் சொன்னார். "அதுலேர்ந்து நீ எழுதினத ஒண்ணுவிடாமப் படிச்சுடறது."

குழாய் ஞாபகம் வந்தது, மூன்று நாள் ஞாபகம் வந்தது, காகிதம் ஞாபகம் வந்தது. பாட்டில் எறிந்தது மட்டும் எனக்கு வரவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எனக்கு அது ஒரு நாள் கோபம், மறுநாளே போய்விட்டது.

"அது கெடக்கட்டும். இனிமே வடிகட்டணுமா, வேணாமா? எழுதிக் குடு," என்றார் அத்தான்.

லேப்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் அவர் காலைத் துடைத்துவிட்டு உள்ளே வந்தார், மிதியடியில் அப்படி எழுதியிருந்தது. உட்காரச் சொன்னேன். ஒரு தாளை எடுத்து எழுதினேன். 'சாம்பிளைத் தயவுசெய்து வடிகட்ட வேண்டாம். நாரோடு அப்படியே கொண்டுவரவும்.' தேதி போட்டேன். எத்தனை நாளைக்கு இது செல்லும் என்பதையும் எழுதினேன். அவர் வாங்கி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை உதட்டை அசைத்துப் படித்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"கையெழுத்து போடலயே," என்றார்.

போட்டுக் கொடுத்தேன். எதற்கும் அடிக்கோடு போடவில்லை.